பின் பிரேக்கைத் தொடுமுன்

இங்கிலாந்தில் வசிக்கும் வாசக சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய கணவர் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கியிருக்கிறார். மாஸ்டா எம்.எக்ஸ்-5, 1999ஆம் ஆண்டில் செய்தது. கூரையைப் பின்னால் மடித்துவிடலாம். இருக்கைகள் இரண்டே இரண்டு. "இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு இரண்டு இருக்கைக் காரா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். மலிவாகக் கிடைத்தது, இரவு வேலைக்குப் போய்வர இது போதும் என்றார்" என்று அவரே பதிலையும் எழுதிவிட்டதால் நான் அதற்குள் போகவில்லை.

விடயம் இதுதான். அந்நாட்டில் மூன்று வயது தாண்டிய கார்கள் எல்லாம் வருடத்துக்கு ஒருமுறை எம்.ஓ.டி. என்ற பரிசோதனைக்குப் போக வேண்டும். அங்கே சக்கரங்களை உருளைகளின் மேல் ஏற்றி, ஹேண்ட் பிரேக் எவ்வளவு பிடிக்கிறது என்று இயந்திரத்தால் அளப்பார்கள். காரின் எடையில் குறைந்தது 16 வீதமாவது பிடிக்க வேண்டும். இவர்களுடைய காரில் இடது பின் சக்கரம் பிடிக்கவேயில்லை; கார் தேறவில்லை. கராஜில் இரண்டு பின் கலிப்பர்களையும் மாற்றச் சொல்லி, காரின் விலையில் கால்வாசியைக் கேட்டார்களாம். கணவர், "நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று சக்கரத்தைக் கழற்றிவிட்டார். உதவிக்கு வந்த சகோதரியின் தம்பி கையோடு ஒரு பெரிய ஜீ கிளாம்பைக் கொண்டு வந்தார். புதிய பேட்களைப் போடுவதற்காகப் பிஸ்டனை உள்ளே தள்ளப் பார்த்திருக்கிறார்கள். அசையவில்லை.

"மச்சான், கைப்பிடியிலே ஒரு குழாயைப் போட்டு இழுத்தா வராம எங்க போகும்?" என்று தம்பி கேட்ட இடத்தில் சகோதரி குறுக்கிட்டு நிறுத்திவிட்டார். இரண்டு புகைப்படங்களையும் மூன்று கேள்விகளையும் எனக்கு அனுப்பியிருக்கிறார். எந்த உபகரணம் வாங்க வேண்டும்? அங்குள்ள கடைகளில் இருபது துண்டுகள் கொண்ட பெட்டியாக விற்கிறார்கள், அது தேவையா? இல்லாவிட்டால் கொழும்பில் பஞ்சிகாவத்தையில் வாங்கி, வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்பலாமா? கடைசியில் ஒரு வரி: "அவர் ஜக்கில் காரை ஏற்றிவிட்டு அடியில் கையை விடும்போது எனக்கு உயிரே போகிறது."

சகோதரி, குழாயைப் போட விடாமல் தடுத்தீர்களே, அதுதான் இந்த வேலையில் இதுவரை நடந்த ஒரே சரியான காரியம்.

டிஸ்க் பிரேக் என்பது சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் ஓர் இரும்புத் தட்டு. அந்தத் தட்டை இரண்டு பக்கத்திலிருந்தும் பேட்கள் நெரிக்கும். நெரிக்கும் கைதான் கலிப்பர். அதற்குள் வட்டமான பிஸ்டன் ஒன்று இருக்கிறது. காலால் பிரேக்கை மிதித்தால், குழாய் வழியாக வரும் பிரேக் எண்ணெய் அந்தப் பிஸ்டனை வெளியே தள்ளும். பேட் தேயத் தேய பிஸ்டன் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து அந்த இடத்தை நிரப்பிக்கொள்ளும். ஆகவே தடிப்பான புதிய பேட் போடும்போது பிஸ்டனைப் பழையபடி உள்ளே அனுப்பினால்தான் இடம் இருக்கும். அநேகமான கார்களின் முன் சக்கரங்களில் இது இலேசான வேலை. மருந்து ஏற்றும் ஊசிக் குழாயின் தண்டைத் தள்ளுவதுபோல, கிளாம்பை வைத்து மெதுவாக அழுத்தினால் உள்ளே போய்விடும். தம்பி முன் பிரேக்கில் இதைப் பார்த்திருப்பார்; பின்னாலும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார்.

பின் சக்கரத்தில் கலிப்பருக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தால் கம்பி வந்து கலிப்பரின் முதுகில் இருக்கும் சிறு நெம்பை இழுக்கும். அந்த நெம்பு, எண்ணெயின் உதவி இல்லாமலே பிஸ்டனை முன்னால் தள்ள வேண்டும். அதற்காகப் பிஸ்டனுக்குள்ளே ஒரு திருகுப் புரி வைத்திருக்கிறார்கள். உதட்டுச்சாயக் குச்சியை நினைத்துப் பாருங்கள். அடியைத் திருகினால் மேலே வரும், எதிர்ப்பக்கம் திருகினால் உள்ளே போகும். திருகாமல் பெருவிரலால் அழுத்தினால் என்ன ஆகும்? பின் கலிப்பரைக் கிளாம்பால் அழுத்துவதும் அதுதான். குழாயைப் போட்டு இழுத்திருந்தால் ஏதோ ஒன்று அசைந்துதான் இருக்கும். ஆனால் அசைந்தது புரியாக இருந்திருக்கும், அத்துடன் கலிப்பரும் முடிந்திருக்கும். கராஜ்காரர் கேட்ட பணத்தை அப்போது மறுபேச்சில்லாமல் கொடுத்திருப்பீர்கள்.

இனி உபகரணத்துக்கு வருவோம். "பின் பிரேக் திருப்பும் கருவி" என்று கடையில் கேட்டால் பெட்டியை நீட்டுவார்கள்; எல்லாக் காருக்கும் சரிவரும் என்றும் சொல்வார்கள். எல்லாக் காரும் ஒரே விதம் இல்லை. ஹொண்டா எஸ்2000, டொயோட்டா எம்.ஆர்.2 போன்ற ஸ்போர்ட்ஸ் கார்களில் பின் பிஸ்டனின் முகத்திலேயே வெட்டுகள் இருக்கும். அந்த வெட்டுகளில் கருவியின் பற்களைப் பொருத்தி, பிஸ்டனையே வலஞ்சுழியாகத் திருகிக்கொண்டு உள்ளே அனுப்ப வேண்டும். அந்தப் பெட்டி உண்மையில் இவற்றுக்குத்தான். திருகிக்கொண்டே நேராக அழுத்தவும் அதில் வசதி இருக்கிறது. சதுரக் கட்டி வடிவில், ஆறு பக்கமும் வெவ்வேறு பற்களோடு, ஒரு சிறிய மலிவான கருவியும் விற்கிறார்கள். அது திருப்புமே தவிர அழுத்தாது. துருப்பிடித்த பிஸ்டனில் வழுக்கி வந்து கையைக் கிழிக்கும். போர்ஷ 911 முற்றாக வேறு. அதில் ஹேண்ட் பிரேக்குக்கென்று பின் டிஸ்க்கின் நடுவில் தனியாகச் சிறிய டிரம் பிரேக் இருக்கிறது. கலிப்பருக்குள் புரி இல்லை; பிஸ்டன்களை நேரே தள்ளலாம். இப்போது வருகிற பல கார்களில் ஹேண்ட் பிரேக்கை மின் மோட்டார் இழுக்கிறது. அவற்றில் முதலில் மோட்டாரைக் கணினிக் கருவியால் பின்வாங்கச் செய்ய வேண்டும். அது தெரியாதவர்கள் ஸ்பெனரையே எடுக்கக் கூடாது.

உங்களுடைய கார் இவற்றில் எதிலும் சேராது, சகோதரி. எம்.எக்ஸ்-5 கார் 1989 பெப்ரவரியில் சிக்காகோ மோட்டார் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்டது. ஹிரோஷிமாவில் செய்யப்படுகிறது. 2016ஆம் ஆண்டில் பத்து இலட்சமாவது கார் வெளிவந்தது. சாதாரண மனிதர் வாங்கி, வீட்டு முற்றத்திலேயே பழுது பார்க்கக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார் என்று அதற்குப் பெயர். 1997 வரை வந்த முதல் தலைமுறையிலும், 2005 வரை வந்த இரண்டாம் தலைமுறையிலும் பின் பிஸ்டனின் முகத்தைத் தொட வேண்டியதே இல்லை. கலிப்பரின் முதுகுப் பக்கத்தில் 14 மில்லிமீட்டர் தலையுள்ள ஒரு போல்ட் இருக்கிறது. நீங்கள் அனுப்பிய இரண்டாவது படத்தில், ஹேண்ட் பிரேக் கம்பி வந்து சேரும் இடத்துக்குப் பக்கத்தில் அது தெரிகிறது. அது எதையும் பிடித்துக்கொண்டிருக்கும் போல்ட் அல்ல, வெறும் மூடி. அதைக் கழற்றினால் உள்ளே ஓர் அறுகோணத் துளை தெரியும். அதில் 4 மில்லிமீட்டர் அலன் கீயை விட்டு இடஞ்சுழியாகத் திருகினால் பிஸ்டன் தானாக உள்ளே போகும். அவ்வளவுதான் விசேஷக் கருவி.

அலன் கீ உங்கள் வீட்டில் இப்போதே இருக்கலாம். பிள்ளைகளின் கட்டிலோ புத்தக அலுமாரியோ துண்டு துண்டாக வாங்கிப் பூட்டியிருந்தால், பெட்டிக்குள் வளைந்த சிறு கம்பி ஒன்று வந்திருக்கும். அநேகமாக அது 4 அல்லது 5 மில்லிமீட்டராக இருக்கும். குசினி லாச்சிக்குள் கிடக்கும். ஆனால் அதை இந்த வேலைக்கு எடுக்க வேண்டாம் என்பேன். அந்த இரும்பு மென்மையானது, கட்டிலுக்கென்று செய்தது. துளைக்குள் இறுகிக்கிடக்கும் திருகில் அதன் மூலைகள் உருண்டுவிட்டால், துளையின் மூலைகளையும் கெடுத்துவிட்டுத்தான் வெளியே வரும். நல்ல உருக்கில் செய்த, நீண்ட கையுள்ள 4 மில்லிமீட்டர் கீ ஒன்றைத் தனியாக வாங்குங்கள். இருபது துண்டுப் பெட்டியின் விலையில் அது ஒரு சிறு பங்குகூட வராது. முனை உருண்டையாக இருக்கும் கீ வேண்டாம். அது சாய்வாக விட்டுத் திருப்ப வசதியானதுதான், இறுகியதைத் தளர்த்தத் தாங்காது. கீயை விடுமுன் துளைக்குள் இருக்கும் அழுக்கை ஒரு கூரான ஊசியால் கிளறி எடுத்துவிட்டு, கீ அடிவரை போய் உட்கார்ந்த பிறகே பலம் கொடுக்கச் சொல்லுங்கள்.

மற்றபடி ரிங் ஸ்பெனர் செட் ஒன்று, இரும்புத் தூரிகை, பிரேக் துடைக்கும் திரவம், பிரேக்குக்கென்றே விற்கும் கிரீஸ் ஒரு சிறு டியூப். சாதாரண கிரீஸ் கூடாது. கலிப்பரின் ரப்பர்கள் அதில் ஊறிப் பருத்துவிடும். சக்கர நட்டுகளை எவ்வளவு இறுக்குகிறோம் என்பதை எண்ணில் காட்டும் டோர்க் ஸ்பெனருக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்கலாம். இந்தக் காருக்கு 88 முதல் 118 நியூட்டன் மீட்டர் வரை. பிரேக் குழாய் நட்டுக்கென்று விற்கும் ஸ்பெனர், எண்ணெய்க் காற்றை எடுக்கும் பம்ப் என்று கடைக்காரர் காட்டுவதெல்லாம் வேண்டாம். பேட் மாற்றவும் ஹேண்ட் பிரேக்கைச் சரிபார்க்கவும் எண்ணெய்க் குழாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை.

மிச்சப்படும் பணத்தில் ஒரு சோடி எக்ஸல் ஸ்டாண்ட் வாங்குங்கள். உங்களுடைய கடைசி வரிக்கு இதுதான் பதில். உங்கள் பயம் வீண் பயம் அல்ல. இந்தக் காரில் எஞ்சினின் பலம் போவது பின் சக்கரங்களுக்கு; ஹேண்ட் பிரேக் பிடிப்பதும் பின் சக்கரங்களைத்தான். பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் கியரில் போட்டு நிறுத்தினாலும் பயனில்லை, ஹேண்ட் பிரேக்கை இழுத்தாலும் பயனில்லை. அவை பிடித்துக்கொண்டிருக்கும் சக்கரங்கள் அந்தரத்தில் நிற்கின்றன. போதாததற்கு, பின் கலிப்பரில் வேலை செய்ய ஹேண்ட் பிரேக்கைத் தளர்த்தியே ஆக வேண்டும். நிலத்தில் இருக்கும் முன் சக்கரங்கள் இரண்டும் சும்மா உருளக்கூடியவை. அவற்றுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து அடைத்திருந்தால் மட்டுமே கார் நிற்கும்.

ஆகவே ஒழுங்கு இப்படி இருக்கட்டும். சமதளமான, கெட்டியான இடம். கார் நிலத்தில் நிற்கும்போதே சக்கர நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். முன் சக்கரங்களுக்குக் கட்டை. பிறகு ஜக்கால் தூக்கி, காரோடு வந்த கைநூலில் காட்டியிருக்கும் இடங்களில் ஸ்டாண்டுகளை வைத்து, காரின் பாரத்தை அவற்றின் மேல் இறக்க வேண்டும். ஜக் தூக்குவதற்கு மாத்திரம், தாங்குவதற்கு அல்ல. காரைக் கையால் ஒருமுறை தள்ளிப் பார்த்து, அசையவில்லை என்று தெரிந்த பிறகே ஹேண்ட் பிரேக்கைத் தளர்த்தலாம். பிள்ளைகள் இருவரையும் அந்த நேரம் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். ஸ்டாண்ட் வாங்கும்வரை காரைத் தூக்க விட மாட்டேன் என்று நீங்கள் சொன்னால் அது பிடிவாதம் ஆகாது.

கீயைத் திருப்புமுன் முன்புறம் பொனட்டைத் திறந்து பிரேக் எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்க்க வேண்டும். பிஸ்டன் உள்ளே போகும்போது எண்ணெய் அங்கே ஏறி வரும். ஏற்கெனவே விளிம்புவரை இருந்தால் வழிந்து, பட்ட இடத்தில் பெயின்ற்றைத் தின்றுவிடும். அந்த எண்ணெய் நஞ்சு என்பதும் நினைவிருக்கட்டும். எடுத்த எண்ணெயைக் குடிபானப் போத்தலில் ஊற்றி மூலையில் வைப்பது ஆண்களுக்கு ஒரு பழக்கம். கண்டால் அப்போதே எடுத்து அப்புறப்படுத்துங்கள். பிரேக் தூசியை ஊதித் தட்டவும் கூடாது. ஈரமாகத் துடைத்தெடுக்க வேண்டும். அந்த உடுப்பைப் பிள்ளைகளின் உடுப்போடு சேர்த்துக் கழுவவும் வேண்டாம்.

கலிப்பரைக் கழற்றினால் அது ரப்பர்க் குழாயில் தொங்கக் கூடாது. சட்டை கொழுவும் கம்பி ஒன்றை வளைத்து மேலே கட்டிவிடுங்கள். ஒரு பக்கத்தை முடித்த பிறகே மற்றப் பக்கத்தைக் கழற்றுவது நல்லது. எது எங்கே இருந்தது என்ற சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ள மறுபக்கம் முழுதாக இருக்கும்.

இனி, அந்த இடது சக்கரம் ஏன் பிடிக்கவில்லை? இங்கிலாந்தில் குளிர்காலத்தில் பனி உறையாமலிருக்கத் தெருவெல்லாம் உப்புத் தூவுகிறார்கள். அந்த உப்புத் தண்ணீர் பின் கலிப்பருக்கு எமன். பேட் தேயும்போது கலிப்பர் நகர்ந்து கொடுப்பதற்காக இரண்டு வழுக்கு ஊசிகள் இருக்கின்றன. அவை துருவேறி இறுகிவிட்டால் ஒரு பேட் மட்டும் வேலை செய்யும். உங்கள் முதல் படத்தில் உள்பக்கத்துப் பேட் வெளிப்பக்கத்ததைவிட நன்றாகத் தேய்ந்திருப்பது தெரிகிறது. அந்த ஊசிகளை வெளியே எடுத்துத் துருவைப் போக்கி, பிரேக் கிரீஸ் பூசிப் போட வேண்டும். இதுவே பாதி நோயைத் தீர்க்கும் என்பது என் ஊகம். படத்தை வைத்து வைத்தியம் பார்ப்பதால் ஊகம் என்றுதான் சொல்ல முடியும்.

மீதிப் பாதியும் அந்த 4 மில்லிமீட்டர் துளைக்குள்தான் இருக்கிறது. புதிய பேட்களைப் போட்டு, கலிப்பரைப் பூட்டிய பிறகு, அதே கீயால் இப்போது வலஞ்சுழியாகத் திருக வேண்டும், பேட்கள் டிஸ்க்கைத் தொட்டுச் சக்கரம் சுற்றாமல் பிடிக்கும்வரை. பிறகு மூன்றில் ஒரு சுற்று பின்னால் விட வேண்டும். இது மாஸ்டா சொல்லும் அளவு. மூடிப் போல்ட்டைப் போட்டு மிதமாக இறுக்கினால் போதும். இதைச் செய்யாமல் பலரும் காருக்குள் உட்கார்ந்துகொண்டு ஹேண்ட் பிரேக் கம்பியைத்தான் முதலில் இறுக்குகிறார்கள். அங்கே கைக்கு எட்டுகிறது, சட்டை அழுக்காவதில்லை. கம்பியை அளவுக்கு மீறி இறுக்கினால், கலிப்பரின் முதுகில் இருக்கும் அந்த நெம்பு தன் இருப்பிடத்துக்குத் திரும்பி வராது. பிரேக் எப்போதும் கொஞ்சம் பிடித்தபடியே இருந்து சூடேறும். உங்களுக்கு முன் அந்தக் காரை வைத்திருந்தவர் இப்படி இறுக்கி வைத்திருக்கவும் கூடும். ஆகவே முதலில் கம்பியைத் தளர்த்தச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் கீயால் அளவு வைத்த பிறகு, கடைசியாகக் கம்பி. ஹேண்ட் பிரேக்கை இழுத்தால் 5 முதல் 7 பல்லுக்குள் பிடிக்க வேண்டும்.

கராஜ்காரர் ஏமாற்றினார் என்று இதை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். அவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம். கீயை விட்டுத் திருப்பினால் பிஸ்டன் வழுவழுவென்று உள்ளே போய் வெளியே வருகிறதா என்று பாருங்கள். வந்தால் கலிப்பர் உயிரோடு இருக்கிறது. கீயே வளைகிற அளவுக்கு இறுகியிருந்தாலோ, பிஸ்டனைச் சுற்றிய ரப்பர் கிழிந்து உள்ளே துரு தெரிந்தாலோ, கம்பியைக் கழற்றிய பிறகும் நெம்பு திரும்பி வராமல் நின்றாலோ அத்துடன் நிறுத்திவிடுங்கள். அந்தக் கலிப்பரை மாற்றத்தான் வேண்டும். மாற்றும்போது எண்ணெய்க் குழாயைத் திறக்க வேண்டி வரும். திறந்தால் குழாய்க்குள் காற்றுப் போகும். அதை ஒழுங்காக வெளியேற்றாவிட்டால் காலால் மிதிக்கும் பிரேக்கும் போய்விடும். அதைக் கராஜுக்கு விடுவதே புத்தி. அப்போதும், கெட்டது ஒன்றா இரண்டா என்று நீங்களே பார்த்து வைத்திருந்தால், ஒன்றுக்குரிய விலையைப் பேசலாம்.

எல்லாம் பூட்டி முடிந்து காரை இறக்கிய பிறகு, எஞ்சினை இயக்கி, நகருமுன்னே பிரேக்கைப் பலமுறை மிதிக்க வேண்டும். முதல் ஒன்றிரண்டு மிதிப்புக்கு அடிவரை போகும், பிறகு இறுகும். இறுகாவிட்டால் கார் முற்றத்தை விட்டு நகரக் கூடாது. தெருவில் மெதுவாக ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, பின் சக்கரங்கள் இரண்டின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பார்க்கச் சொல்லுங்கள். டிஸ்க்கைத் தொட வேண்டாம், சுடும். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் அந்தப் பக்கம் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மூன்றில் ஒரு சுற்றைத் திரும்பப் பார்க்க வேண்டும். ஐம்பது மைல் ஓடிய பிறகு சக்கர நட்டுகளை மீண்டும் ஒருமுறை டோர்க் ஸ்பெனரால் சரிபார்த்துக்கொண்டு எம்.ஓ.டி.க்குக் கொண்டுபோகலாம்.

பஞ்சிகாவத்தையில் எதுவும் தேட வேண்டாம். அந்தக் கீ நீங்கள் இருக்கும் ஊரிலேயே, எந்த இரும்புச் சாமான் கடையிலும் கிடைக்கும். தம்பியின் ஜீ கிளாம்பை முன் பிரேக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள்.